கல்லில் ஒரு தபசு, மரத்தில் ஒரு தபசு: ஒரகடத்திலிருந்து ஒரு பகல், ஓர் இரவு!

வாரத் தொடர்: வீக் ஆஃப் எங்கே?

சனிக்கிழமை இரவு. ஒரகடம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் டிபன் பாக்ஸ். பரோட்டாக் கடை வாசலில் நிற்கும்போதே அந்தக் கேள்வி வந்துவிடும்.

"மச்சான், நாளைக்கு எங்கடா?"

"மகாபலிபுரம்?"

"போன தடவையும் அங்கதான போனோம். உருண்டைக் கல்லு, மீன் வறுவல், போட்டோ, ரிட்டர்ன். வேற எதாவது சொல்லு."

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பலருக்கும் மாமல்லபுரம் இப்படித்தான் பழகிப்போயிருக்கிறது. கையெட்டும் தூரத்தில் இருப்பதாலேயே பார்க்காமல் விட்ட ஊர் அது. சரி, இந்த வாரமும் அதே ஊருக்குத்தான் போகப்போகிறோம். ஆனால், இந்த முறை இரண்டு விஷயங்களைத் தேடி. ஒன்று, அங்கே இருந்த துறைமுகம். மற்றொன்று, அந்த ஊரின் பாறைகளில் நின்றுபோன ஆட்டமும் பாட்டும். இரண்டையும் பார்த்து முடித்த பிறகு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே ஒரு கிராமத்துக்கும் போக வேண்டியிருக்கும். பயணத்தின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

அன்று காஞ்சி, இன்று ஒரகடம்

ஒரகடத்திலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தெற்கே இறங்கி, சிங்கப்பெருமாள்கோவிலில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து செங்கல்பட்டு. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரை. சிங்கப்பெருமாள்கோவிலில் குன்றைக் குடைந்த நரசிம்மர் கோயில், திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் வேதகிரீஸ்வரர் என்று வழியெல்லாம் நின்று பார்க்க இடங்கள் உண்டு. இன்று அவற்றுக்கு ஒரு கும்பிடு மட்டும்.

கிளம்பும்போது எதிரே வரும் வண்டிகளைக் கவனியுங்கள். கன்டெய்னர் லாரிகள், புத்தம் புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர்கள். ஒரகடத்து ஆலையில் உருவாகும் கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறி வெளிநாடு போகின்றன. உள்ளே தள்ளி ஓர் உற்பத்தி ஊர், கரையில் அதற்கொரு துறைமுகம். இந்த ஏற்பாடு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1,300 ஆண்டுகளுக்கு முன்னால் காஞ்சிபுரம் பல்லவர்களின் தலைநகரம். மாமல்லபுரம் அந்தத் தலைநகரத்தின் கடல் வாசல்.

கப்பல் நின்ற ஊர்

மாமல்லபுரத்தில் இறங்கிக் கடலைப் பார்த்தால், 'இங்கே எங்கே துறைமுகம்?' என்றுதான் தோன்றும். அலை நேராக வந்து மணலில் அடிக்கிறது. மீனவர்களின் ஃபைபர் படகுகள் கரையில் கிடக்கின்றன. கப்பல் நின்றதற்கான அடையாளம் எதுவும் கண்ணில் படாது.

ஆனால், எழுத்தில் அந்தத் துறைமுகம் பத்திரமாக இருக்கிறது. திருமங்கையாழ்வார் இந்த ஊரைக் 'கடல்மல்லை' என்று பாடுகிறார். யானைகளும் மணிகளும் பொன்னும் ஏற்றிய கப்பல்கள் பாரம் தாங்காமல் அசைந்து நின்ற காட்சி அவர் பாசுரத்தில் வருகிறது. மாமல்லன் என்று பெயர் பெற்ற முதலாம் நரசிம்மவர்மன், இலங்கை இளவரசன் மானவர்மனுக்கு அரியணையை மீட்டுத்தரப் படை அனுப்பியதை இலங்கையின் சூளவம்சம் சொல்கிறது. கடல் தாண்டிப் படை அனுப்ப வேண்டுமென்றால் கப்பலும் துறையும் வேண்டும். இராஜசிம்மன் காலத்தில், கி.பி. 720-ல், பல்லவத் தூதுக்குழு ஒன்று சீனத்தின் டாங் அரசவைக்குப் போனதைச் சீனக் குறிப்புகள் பதிவுசெய்திருக்கின்றன.

ஊருக்குள்ளேயே ஒரு தடயமும் நிற்கிறது. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறை உச்சியில் இருக்கும் சிறிய கற்கோயில்தான் அது. ஒலக்கணேசுவரர் கோயில் என்பார்கள். கலங்கரை விளக்கம் கட்டப்படுவதற்கு முன்பு இந்தக் கோயில் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பச்சை வயல்கள். எதற்காக இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அங்கே நிற்கும்போது புரியும்.

கடலும் தன் பங்குக்கு அவ்வப்போது ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறது. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்து போன பிறகு, வடக்கே சாளுவன்குப்பத்தில் மணல் மூடிக்கிடந்த பாறைகளில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, மணலுக்கு அடியில் ஒரு முருகன் கோயிலே இருந்தது. பல்லவர் காலத்துக்கு முந்தைய செங்கல் கட்டடத்தின் மேல் பல்லவர்கள் கட்டிய கோயில். துறைமுகம் இருந்த ஊர்களுக்கு இது ஒரு சாபம்: கடல் ஒரு தலைமுறைக்குச் சோறு போடும், இன்னொரு தலைமுறையில் மணலைப் போட்டு மூடும்.

ஆடக் கற்றுக்கொடுக்கும் கல்

கப்பல் வந்த ஊருக்குப் பலதரப்பட்ட மனிதர்கள் வருவார்கள். மனிதர்கள் கூடும் இடத்தில் ஆட்டமும் பாட்டும் இருக்கும். பல்லவர்களோ அதில் பித்துப் பிடித்தவர்கள்.

நரசிம்மவர்மனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன் ஒரு நாடக ஆசிரியர். அவர் எழுதிய 'மத்தவிலாசம்' சம்ஸ்கிருதத்தில் எழுதப்பட்ட ஒரு நகைச்சுவை நாடகம். கதை நடப்பது காஞ்சிபுரத் தெருவில். குடிபோதையில் இருக்கும் ஒரு காபாலிகன் தன் பிச்சைப் பாத்திரமான மண்டையோட்டைத் தொலைத்துவிட்டு, வழியில் வந்த பௌத்தத் துறவியைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். கடைசியில் பார்த்தால், அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! தன் ஆட்சியில் இருந்த சாமியார்களை ஒரு ராஜாவே மேடையில் வைத்துக் கலாய்த்திருக்கிறார். காஞ்சியில் பிறந்த அந்த நாடகம் இன்று உயிரோடு இருப்பது கேரளத்துக் கோயில்களில், கூடியாட்ட மரபில்.

மகன் காலத்து மாமல்லபுரத்தில் கலை கல்லுக்குள் போனது. ஐந்து ரதங்களில் பெரியதான தர்மராஜ ரதத்தின் மேல்தளத்தில், சிவன் ஒருவருக்கு ஆடக் கற்றுக்கொடுப்பதுபோல ஒரு சிற்பம் உண்டு. கற்றுக்கொள்பவர் தண்டு முனிவர் என்பார்கள். 'தாண்டவம்' என்ற பெயரே அவரிடமிருந்து வந்தது என்பது மரபு. மேலே ஏற அனுமதி கிடையாது. கீழே நின்று கழுத்தை வளைத்துப் பார்ப்பதில் எல்லாச் சிற்பமும் தெரியாது என்றாலும், ஒரு நடனப் பாடம் அங்கே ஏழாம் நூற்றாண்டிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு அனுபவம்.

ஈ.சி.ஆரில் வடக்கே ஐந்து கிலோமீட்டர் போனால் சாளுவன்குப்பம் புலிக்குகை. பெயர்தான் குகை. உண்மையில் அது ஒரு பெரிய பாறையில் குடையப்பட்ட மேடை. சுற்றிலும் வாயைப் பிளந்த யாளித் தலைகள், நடுவில் உட்கார ஓர் இடம், எதிரே அகலமான மணல்வெளி. இது திறந்தவெளி அரங்காக இருந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு. சவுக்குத் தோப்பு நிழலில் உட்கார்ந்து அந்த மேடையைப் பார்த்தால் அந்தக் கருத்தை நம்பத் தோன்றும்.

பூனையும் தவம் செய்யும் பாறை

பார்ப்பதில் முதலாவதாக இருக்க வேண்டியதை இங்கே கடைசியாகச் சொல்கிறோம். அர்ச்சுனன் தபசு. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பாறை கிழக்கு பார்த்து நிற்கிறது. ஆகவே, காலை வெயில் முகத்தில் விழும்போது போனால் ஒவ்வோர் உருவமும் தனியாக எழுந்து வரும்.

90 அடிக்கு மேல் நீளம், 40 அடிக்கு மேல் உயரம். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். யானைக் கூட்டம், வானத்தில் மிதந்து வரும் தேவர்கள், பாறைப் பிளவில் நாகர்கள். இந்தச் சிற்பம் கங்கையைப் பூமிக்கு இறக்கிய பகீரதனின் கதை என்று ஒரு சாராரும், பாசுபத அஸ்திரத்துக்காகத் தவம் செய்த அர்ச்சுனனின் கதை என்று மறு சாராரும் வாதம் செய்வார்கள். ஊர் வைத்த பெயர் அர்ச்சுனன் தபசு.

பிளவுக்கு இடப்பக்கம் மேலே பாருங்கள். ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கோத்திருக்கிறான் ஒருவன். வயிறு ஒட்டியிருக்கிறது. விலா எலும்புகளை எண்ணலாம். பக்கத்தில் வரம் கொடுக்கும் கையோடு சிவன். இப்போது பிளவுக்கு வலப்பக்கம், யானைகளின் தந்தத்துக்குக் கீழே வாருங்கள். ஒரு பூனை! அதுவும் பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, அதே மாதிரி தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் நம்பி நிற்கின்றன. மேலே நடக்கும் பெரிய தவத்தைக் கீழே ஒரு போலிச் சாமியார் கேலி செய்வதுபோல. அப்பா எழுதிய மத்தவிலாசத்தின் குசும்பு, மகன் ஊரின் பாறையிலும் இருக்கிறது.

இந்தப் பாறைக்கு இன்று காவல் பலமானது. மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தொல்லியல் துறையின் பாதுகாப்பு, வேலி, அறிவிப்புப் பலகை எல்லாம் உண்டு. 1992 முதல் தமிழ்நாடு சுற்றுலாத் துறை டிசம்பர் - ஜனவரியில் நாட்டிய விழா நடத்துகிறது. இந்தப் பாறையையே பின்னணியாக வைத்து மேடை போட்டார்கள். பின்னாளில் கடற்கரைக் கோயில் பக்கம் மேடை போனது. பரதநாட்டியம், ஒடிஸி, கதக், குச்சிப்புடி, கதகளி என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கலைஞர்கள் வருகிறார்கள். 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தபோது இந்தப் பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடற்கரைக் கோயில் அருகே கலாக்ஷேத்ரா கலைஞர்களின் நிகழ்ச்சியைப் பார்த்தது உலகம் முழுக்க டி.வி.யில் ஓடியது. துறைமுகம் போனாலும் ஊர் பிழைத்துக்கொண்டது. அதன் கலைக்கு ஒரு மேடையும் கிடைத்துவிட்டது.

அர்ச்சுனன் தபசுக்கு இன்னொரு மேடையும் இருக்கிறது. அதற்கு வேலி கிடையாது, காவல் கிடையாது. அதைப் பார்க்கத்தான் இனி மேற்கே திரும்ப வேண்டும்.

பனைமரத்தில் ஏறும் அர்ச்சுனன்

ஒரகடத்திலிருந்து கடலுக்கு எதிர்த்திசையில் வாலாஜாபாத், காஞ்சிபுரம், அதையும் தாண்டி செய்யாறு, வந்தவாசி. பல்லவர்களின் காஞ்சியைச் சுற்றிய இந்தக் கிராமங்கள்தான் தெருக்கூத்தின் தாய்வீடு. பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் இந்தப் பக்கத்துச் சுவர்களில் ஒரு போஸ்டர் கண்ணில் படும்: 'திரௌபதி அம்மன் ஆலய மகாபாரத அக்னி வசந்த விழா'.

பேச்சு வழக்கில் 'ஊர்ல பாரதம் நடக்குது' என்பார்கள். பகலில் பிரசங்கியார் பாரதக் கதை சொல்வார். இரவில் அதே கதையைக் கூத்துக்காரர்கள் ஆடிக் காட்டுவார்கள். திரௌபதி கல்யாணம், பகாசுரன், துகிலுரிதல், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று ஒவ்வோர் இரவும் ஒரு கதை. கடைசியில் பதினெட்டாம் போர். தரையில் மண்ணால் செய்த ராட்சத துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம் நடக்கும். திரௌபதி சபதம் முடித்துக் கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி. நோட்டீஸில் எந்த இரவு எந்தக் கதை, எந்த ஊர் ஜமா என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள்.

அந்தப் பட்டியலில் 'அர்ச்சுனன் தபசு' என்று ஓர் இரவு இருக்கும். தவறவிடக் கூடாத இரவு அது.

அன்றைக்குக் கோயில் திடலில் ஓர் உயரமான பனைமரத் தண்டை நட்டிருப்பார்கள். ஏறுவதற்குப் படி மாதிரி குறுக்குக் கட்டைகள். உச்சியில் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு பரண். தபசு மரம் என்று பெயர். இரவு பத்து மணி வாக்கில் மேளக்கட்டு தொடங்கும். மத்தளமும் தாளமும் ஆர்மோனியமும் சேர்ந்து ஊரை எழுப்பும். அவற்றுக்கு மேலே மெல்லிசாக, கீச்சென்று ஒரு குழல் சத்தம் கேட்கும். அது முகவீணை. நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி. பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டு, 'கூத்து ஆரம்பிச்சுட்டாங்க' என்று சேதி சொல்வது அந்தச் சத்தம்தான்.

இதற்குள் கொட்டகைக்குப் பின்னால் வேஷம் கட்டுவது நடக்கும். ஆட்டக்காரர் தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசிக்கொள்வார். பிறகு, கட்டைகள். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் ஜிகினாக் காகிதமும் ஒட்டியவை. இவற்றால்தான் காஞ்சிபுரம் பக்கத்தில் இதைக் 'கட்டைக்கூத்து' என்கிறார்கள். காலில் சலங்கை. ராத்திரி முழுக்க இவ்வளவையும் சுமந்துகொண்டு பாட வேண்டும், ஆட வேண்டும், வசனமும் பேச வேண்டும்.

முதலில் கட்டியங்காரன் வருவான். ராஜாவுக்குச் சேவகன், கூட்டத்துக்குத் தோழன். யாரையும் கிண்டல் செய்யலாம், ஊர் நாட்டாமையைக்கூட. ரேஷன் கடை, மின்வெட்டு, செல்போன் எல்லாம் அவன் பேச்சில் வந்துவிடும். பாறையில் தவம் செய்யும் அந்தப் பூனையை நினைத்துக்கொள்ளுங்கள். இவன் அந்த வகை. பெரிய வேஷம் வரும்போது இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால்கள். பாட்டுப் பாடி, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடி, கூட்டம் எட்டிப் பார்த்துப் பொறுமை இழக்கும் நேரத்தில் திரை விலகும். சுழன்று சுழன்று அவர் போடும் ஆட்டத்தில் கண்ணாடித் துண்டுகள் மின்னும்.

கதை நகர்ந்து, அர்ச்சுனன் தவத்துக்குக் கிளம்பும்போது பல ஊர்களில் பொழுது விடியும் நேரமாகியிருக்கும். சில ஊர்களில் இதைப் பகலிலேயே நடத்துவதும் உண்டு. வேஷத்தோடு மரத்தடிக்கு வந்து, சுற்றிக் கும்பிட்டு, முதல் படியில் கால் வைப்பார். ஒரு படி, ஒரு பாட்டு. அடுத்த படி, அடுத்த பாட்டு. கீழே கூட்டம் மரத்தைச் சுற்றி நெருங்கி நிற்கும். குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தடியில் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் மேலே ஏறுபவர் அவர்களுக்கு நடிகர் இல்லை. உச்சிப் பரணில் நின்று பூஜை முடித்து, மடியில் கட்டிக்கொண்டு போன எலுமிச்சையையும் பூவையும் விபூதியையும் கீழே போடுவார். நூறு கைகள் மேலே நீளும்.

மாமல்லபுரத்துப் பாறையில் கை தூக்கி நிற்பவனும், இந்தப் பனைமரத்து உச்சியில் நிற்பவரும் ஒரே அர்ச்சுனன்தான். ஒருவர் கல்லில் செதுக்கியது 1,300 வருஷமாக நிற்கிறது. இன்னொருவர் ஒவ்வொரு கோடையிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு புதிதாக ஏற வேண்டும். அவர் ஏறாவிட்டால் அந்த வருஷத் தபசு இல்லை.

கூத்தும் ஒரு நைட் ஷிஃப்ட்!

இரவு பத்துக்குத் தொடங்கி காலை ஆறுக்கு முடியும் வேலை ஒன்று சொல்லுங்கள் என்றால், ஒரகடத்தில் எல்லோரும் சொல்லும் பதில் நைட் ஷிஃப்ட். கூத்தின் நேரமும் அதேதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

முன்பு அறுவடை முடிந்தால் கிராமத்துக்கு வேலை இல்லாத மாதங்கள் உண்டு. ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு மறுநாள் மதியம் வரை தூங்கினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பாரதம் அந்த நாள்காட்டியில் உட்கார்ந்த விழா. இன்று அதே கிராமங்களின் கூட்ரோடுகளுக்குக் கம்பெனி பஸ் வருகிறது. அதிகாலை ஐந்து மணிக்கு ரோட்டில் நிற்க வேண்டியவர் விடிய விடியக் கூத்துப் பார்க்க முடியாது. நைட் ஷிஃப்ட்காரர் திடலுக்கே வர முடியாது. கூட்டம் பத்து மணிக்கு நிறைந்து, பன்னிரண்டுக்குப் பாதியாகி, மூன்று மணிக்குப் பாட்டிமார்களும் தூங்கும் குழந்தைகளுமாகக் குறைந்துபோவது கூத்துக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி.

பார்ப்பவர்கள் பிரச்னை இது. ஆடுபவர்கள் பிரச்னை இதைவிடப் பெரியது. கூத்து வகுப்பறையில் கற்கும் கலை அல்ல. சின்ன வயதில் ஒரு வாத்தியாரிடம் சேர்ந்து, பின்பாட்டுப் பாடி, சின்ன வேஷம் கட்டி, ஊர் ஊராகப் பல நூறு இரவுகள் அலைந்த பிறகுதான் ஒரு கர்ணன் வேஷம் கைக்கு வரும். சீசன் முடிந்தால் வேறு வேலை தேட வேண்டும். இன்னொரு பக்கம் மாதச் சம்பளம், பி.எஃப்., கேன்டீன் சாப்பாடு. ஒரு கூத்துக்காரர் தன் மகனை எந்தப் பக்கம் போகச் சொல்வார்? 'கம்பெனிக்குப் போ' என்று அவர் சொன்னால் அதில் தப்பு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பள்ளிக்கூடமா, கூத்தா என்ற இந்த இழுபறிக்கு ஒரு விடை காண முயன்ற கதை காஞ்சிபுரம் அருகேயே உண்டு. பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டுக் கூத்துக்கு வந்தவர் பி.ராஜகோபால். அவரும், அவர் மனைவியும் ஆய்வாளருமான ஹன்னே டி புருயினும் பின்னின்று வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் 1990-ல் தொடங்கியது. 2002-ல் புஞ்சையரசந்தாங்கலில் அவர்கள் ஒரு குருகுலம் திறந்தார்கள். பள்ளிப் பாடமும் கூத்தும் ஒரே இடத்தில். ஆண்களே பெண் வேஷமும் கட்டிய இந்தக் கலையில், அங்கே பெண் பிள்ளைகள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ராஜ வேஷத்தில் ஆடினார்கள். 2020-ல் குருகுலம் மூடப்பட்டது. ஆனால், அங்கே படித்த பிள்ளைகள் கூத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செய்யாறு பக்கம் புரிசையில் தம்பிரான் பரம்பரையினர் தலைமுறை தலைமுறையாக ஆடிவருகிறார்கள். 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந.முத்துசாமி, நவீன நாடகத்துக்கான வித்தையைத் தேடிப் போய் நின்றது புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம்தான். இன்று தமிழ் சினிமாவில் 'இவர் கூத்துப்பட்டறை நடிகர்' என்று யாரையாவது பாராட்டும்போது, அந்தப் பாராட்டில் ஒரு பங்கு புரிசைக்கும் போய்ச் சேர வேண்டும்.

நகரத்து விழாக்களில் கூத்துக்கு இப்போது இடம் கிடைக்கிறது. ஆனால், கிடைப்பது ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அதுவும் நல்லதுதான், கலைஞருக்கு நாலு காசு வரும், புதியவர்கள் பார்ப்பார்கள். என்றாலும் ஒரு மணி நேரத்தில் தபசு மரம் ஏற முடியாது. விடியற்காலைக் குளிரும், தூக்கக் கலக்கமும், பக்கத்தில் இருப்பவரின் போர்வையைப் பகிர்ந்துகொள்வதும், கடைசியில் அந்த எலுமிச்சையும் சேர்ந்ததுதான் அர்ச்சுனன் தபசு.

ஒரு கை போதும்

மாமல்லபுரத்தின் துறைமுகத்தை யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. கப்பல்கள் வேறு பக்கம் போயின, கரை மாறியது, மணல் மூடியது. கலைகளும் பெரும்பாலும் இப்படித்தான் போகும். பார்க்க ஆள் வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஒருநாள் மரம் நடுவதற்கு ஊர் கூடாது.

ஆனால், ஒரகடத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. பழைய துறைமுகங்களைப் போலவே பல ஊர்க்காரர்கள் ஒன்றாகத் தங்கும் இடம் இது. ஒரு ரூமில் நான்கு பேர் என்றால், நான்கு ஊர். அதில் ஒருவர் செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துக்காரராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவரிடம், "உங்க ஊர்ல பாரதம் எப்போ?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்வதைப் பார்க்கலாம். வீக் ஆஃபுக்கு முந்தைய இரவில் அர்ச்சுனன் தபசு வந்தால், அவரோடு பைக்கில் ஏறிவிடுங்கள். தமிழ் தெரியாத நண்பரையும் கூட்டிப் போகலாம். பீகாரிலிருந்து வந்தவருக்கும் ஒடிசாவிலிருந்து வந்தவருக்கும் அர்ச்சுனன் யார் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

பாறையில் நிற்கும் அர்ச்சுனனுக்கு யார் வந்தாலும் வராவிட்டாலும் கவலையில்லை. பனைமரத்தில் நிற்பவருக்கு அப்படி இல்லை. அவர் மேலிருந்து எலுமிச்சையைப் போடும்போது, கீழே ஏந்திப் பிடிக்க ஒரு கையாவது இருக்க வேண்டும்.

கிளம்பும் முன்...

* பஸ்ஸில் போகிறவர்கள் ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போய், அங்கிருந்து பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ செங்கல்பட்டு சேரலாம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் பஸ் கிடைக்கும்.

* சின்னங்களைக் காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை பார்க்கலாம். காலையில் முதலில் அர்ச்சுனன் தபசு. பிறகு ஒலக்கணேசுவரர் குன்று, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில். மாலையில் புலிக்குகை.

* நாட்டிய விழா டிசம்பர் கடைசியில் தொடங்கும். தேதியைச் சுற்றுலாத் துறை அறிவிப்பில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

* கூத்துக்குப் போகிறவர்கள் நோட்டீஸை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரவு எந்தக் கதை என்பது அதில் இருக்கும். ஒரு போர்வை, ஒரு பாய் எடுத்துப் போங்கள். மதியம் ஒரு தூக்கம் போட்டுவிட்டால் விடியும் வரை தாக்குப்பிடிக்கலாம்.

* வேஷம் கட்டும் இடத்தில் கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். தபசு மரத்தடியில் வேண்டுதலோடு நிற்கும் பெண்களை எப்போதும் எடுக்க வேண்டாம். செல்போன் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். மரம் ஏறுபவரின் கண்ணில் பட்டால் ஆபத்து.

* ஆட்டம் பிடித்திருந்தால் அன்பளிப்பு கொடுங்கள். கட்டியங்காரன் உங்கள் பேரைச் சொல்லி வாழ்த்துவான். ஊர்ப் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'ஒரகடத்திலேருந்து வந்திருக்காங்க' என்று மைக்கில் கேட்பதற்கே ஒரு ராத்திரி கண் விழிக்கலாம்.